டெல்லி வெயிலில் மீன் தொட்டி: மே மாதத்துக்கு ஒரு வழி, ஜூலைக்கு வேறு வழி

முனிர்க்காவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். அது எனக்கு முதல் டெல்லிக் கோடை. ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால், ஓரடித் தொட்டியில் இருந்த நாலு கோல்ட்ஃபிஷும் மேலே வந்து வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாவம், பசி போலிருக்கிறது என்று இரண்டு சிட்டிகை தீனி போட்டேன். தின்னவில்லை. விரலை வைத்தால் குளிக்க விளாவி வைத்த தண்ணீர் போல இருந்தது. சரி, குளிரவைப்போம் என்று ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டு ஐஸ் ட்ரேயையும் அப்படியே கொட்டினேன். காலையில் மூன்று மீன் மிதந்தன.

அன்றைக்கு நான் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. அவை பசியில் வாயைத் திறக்கவில்லை, மூச்சுக்குத் தவித்தன. தின்னாத தீனி அழுகி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொண்டது. அந்தத் தொட்டியில் 15 லிட்டர்கூட இருக்காது. இரண்டு ட்ரே ஐஸ் சில நிமிடங்களில் அதை ஐந்து டிகிரியாவது கீழே இறக்கியிருக்கும். நாலு கோல்ட்ஃபிஷை ஓரடித் தொட்டியில் வைத்ததே தப்பு என்பது தனிக் கதை.

இந்த ஊரில் புதிதாகத் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக, எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரண்டடித் தொட்டியைக் கணக்கில் வைத்துக்கொள்வோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 55 லிட்டர்.

முதலில் தெர்மாமீட்டர்

விரலை நம்பாதீர்கள். கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் அறையின் சூட்டையும் கலந்து காட்டும். உறிஞ்சு கப்போடு தண்ணீருக்குள் நிற்கும் கண்ணாடிக் குழாயோ, வயர் முனையைத் தண்ணீரில் விடும் டிஜிட்டலோ போதும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் தொட்டியின் குணம் தெரிந்துவிடும். உச்சி வெயிலில் பார்த்துப் பயப்படுவதைவிட, காலை எண்ணைக் கவனியுங்கள். இரவில் தண்ணீர் இறங்கவில்லை என்றால்தான் ஆபத்து. டெல்லியில் இரவு பல நாள் இறங்குவதில்லை. 2024 ஜூன் நடுவில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. இது பகல் வெயில் இல்லை, விடியற்காலை.

எந்த எண் வந்தால் கவலைப்பட வேண்டும் என்பது மீனைப் பொறுத்தது. கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 24 வரைதான் அதற்கு நிம்மதி. நியான் டெட்ரா 26 வரை. கப்பி, மோலி, ஏஞ்சல் 28 வரை சுகமாக இருக்கும். 30, 31-ஐக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து நேரடியாகக் காற்றை உறிஞ்சக்கூடியவை என்பதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும். டிஸ்கஸுக்கு 28, 30தான் வேண்டும். ஆனால் புதியவர்கள் கை வைக்கிற மீன் அது இல்லை. இன்னும் மீன் வாங்கவில்லை, ஏ.சி.யும் இல்லை, மாடி வீடு என்றால் என் யோசனை ஒன்றுதான்: கோல்ட்ஃபிஷ் வேண்டாம். கடைக்காரர் "எதையும் தாங்கும் மீன் சார்" என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

சூட்டில் மீன் ஏன் தவிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரை, 35-இல் ஏழுக்கும் கீழே. ஆனால் சூடு ஏற ஏற மீனின் உடல் வேகமாக ஓடுவதால் அதற்குத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறுகிற வீடு போலத்தான். கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சும் சூட்டோடு ஏறும், காரத்தன்மை உள்ள தண்ணீரில் இன்னும் அதிகமாக.

சூடு வரும் வழிகளை அடைத்துவிடுங்கள்

காசு செலவில்லாத வேலை இது. ஜனவரியில் போட்ட ஹீட்டர் இன்னும் பிளக்கில் இருக்கிறதா பாருங்கள். டெல்லிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டியதுதான். ஆனால் "தெர்மோஸ்டாட் இருக்கிறதே, தானே அணைந்துவிடும்" என்று ஜூன் வரை விட்டுவைப்பவர்கள் உண்டு. அது ஒருநாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். மார்ச் கடைசியில் கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் விளக்கு. தொட்டியின் மூடி (ஹூடு) சோக் வைத்த பழைய ட்யூப் லைட் வகையாக இருந்தால் எல்.இ.டி.க்கு மாறுங்கள். எல்.இ.டி.யாக இருந்தாலும் கோடையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதையும் இரவு எட்டுக்கு மேல் தள்ளிப் போடலாம். மீனுக்கு விளக்கு தேவையில்லை, நமக்குத்தான் தேவை.

தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் பவர் ஃபில்டர் ஒன்று 20 வாட் என்றால், அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுதும் கடைசியில் சூடாகித் தண்ணீரில்தான் கலக்கிறது. ஒரு நாள் முழுக்க ஓடியதை ஈடுகட்டவே முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்காக ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள். கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில்தான் வாழ்கிறது. சூட்டில் காற்றோட்டம் இல்லாமல் போனால் சில மணி நேரத்தில் சாக ஆரம்பித்துவிடும். மாற்ற முடிந்தால் வெளியே நிற்கும் ஏர் பம்ப்போடு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். மூன்று, நாலு வாட்தான் இழுக்கும், சூடும் தொட்டிக்கு வெளியே போய்விடும்.

இடம் மிக முக்கியம். டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய டி.டி.ஏ. ஃபிளாட்டுகளில் மேற்குச் சுவர் மாலையில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், நள்ளிரவு வரை அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கடைசி மாடியில் கூரையும் அப்படித்தான். தொட்டி அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் இடையில் ஒரு தெர்மாகோல் அட்டை, அடியிலும் ஒன்று. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். இடம் மாற்றுவதாக இருந்தால் ஏப்ரலிலேயே, தண்ணீரைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு. நிறைந்த இரண்டடித் தொட்டி கல்லும் கண்ணாடியுமாக எழுபது கிலோவைத் தாண்டும். தூக்கினால் ஒட்டு விட்டுவிடும்.

ஃபேன்: டெல்லியின் மே மாதம் தரும் வரம்

என் மைத்துனர் சென்னையில் இருக்கிறார். கொளத்தூரில் மீன் வாங்கி வளர்ப்பவர். தொட்டித் தண்ணீர்மேல் ஃபேன் காற்றை விட்டால் குளிரும் என்றதற்கு, "ஃபேன் எல்லாம் சும்மா, ரெண்டு டிகிரிகூட இறங்காது" என்று ஃபோனில் சொன்னார். அவருடைய ஊருக்கு அது சரி. இந்த ஊருக்குச் சரியில்லை, அதுவும் மே மாதத்துக்கு.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 55 லிட்டர்த் தொட்டியிலிருந்து அரை லிட்டர் ஆவியானால், அது கொண்டுபோகும் சூடு முழுத் தொட்டியையும் ஐந்து டிகிரி இறக்கப் போதுமானது. அறையிலிருந்து சூடு திரும்ப வந்துகொண்டே இருப்பதால் ஐந்தும் நமக்குக் கிடைக்காது. ஆனாலும் நல்ல ஃபேன் மூன்று, நாலு டிகிரியைப் பிடித்து வைக்கும். எவ்வளவு ஆவியாகும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மே மாதப் பகலில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள். தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் காட்டினால் அது 24-க்கு வந்துவிடும். ஜூலையில் 35 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அதே ஈரத்துணி 31-இலேயே நின்றுவிடும். ஏழு டிகிரி குறைந்த வெயில்தான், ஆனால் தண்ணீருக்கு அதுவே மோசமான நாள். முகத்தில் அனலாக அடிக்கும் லூ காற்று, மீன் தொட்டிக்கு ஒருவிதத்தில் நண்பன்.

சரி, எப்படி வைப்பது? முதலில் மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஹூடைக் கழற்றிவிடுங்கள். மூடி இருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், ஃபேன் வீண். மூடியை எடுத்தால் மீன் குதிக்கும், எனவே ஒரு வலை வேண்டும். பால்கனியில் புறாவுக்குக் கட்டும் வலை வேண்டாம், அதன் கண்ணில் கப்பி தாராளமாக வெளியே போகும். சின்னக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையைச் சட்டம் போட்டு வைத்தேன், இன்றைக்கும் அதுதான்.

ஃபேனுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். கிளிப் மாட்டும் சின்ன டேபிள் ஃபேன் போதும். நான் நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன் இரண்டும் ஓர் அடாப்டரும் வாங்கினேன். சத்தமில்லை, ஈரத்தில் ஷாக் பயமும் குறைவு. காற்று செங்குத்தாக விழ வேண்டாம், சாய்வாக வந்து தண்ணீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகட்டும். மேற்பரப்பில் நடுக்கம் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். ஏர் ஸ்டோனின் (ஏர் பம்ப் குழாய் முனையில் மாட்டும் கல்) குமிழியோ ஃபில்டரின் வாயோ அந்தப் பரப்பைக் கலைத்துக்கொண்டே இருந்தால் ஆக்சிஜனும் கிடைக்கும், குளிர்ச்சியும் கூடும்.

பிளக் போர்டைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதீர்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அணையுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

குறைந்த தண்ணீரை நிரப்புவது

ஃபேன் ஓடினால் எங்கள் வீட்டில் மே மாதத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வரை குறைகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். டெல்லியின் பல பகுதிகளில் தண்ணீர் ஏற்கெனவே கடினம், போர்வெல் என்றால் கேட்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படியும், மீனும் சோர்ந்துபோகும். ஆவியானதை ஈடுகட்ட வீட்டு ஆர்.ஓ. குடிநீரை ஊற்றுங்கள். பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் மாற்றும்போது மட்டும் குழாய்த் தண்ணீர், அதுவும் குளோரினை நீக்கும் ஆன்ட்டி குளோரின் மருந்து விட்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் கூடவே கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரை இன்வர்ட்டருக்குப் பிடித்துவைப்பவர்கள் அதையும் ஊற்றலாமே என்பார்கள். சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் செம்பும் அலுமினியமும் தூசியும் பட்டு வருகிற நீர். நான் ஊற்றமாட்டேன்.

மாடியில் வெயிலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிற்பகலில் வரும் நீரில் கை வைக்க முடியாது. தண்ணீர் மாற்றுவதை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முந்தின இரவே ஒரு வாளியில் பிடித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். என் அம்மா சொன்ன யோசனை இதைவிட நல்லது: மண்பானை. சாயம் பூசாத மட்கா ஒன்றைத் தனியாக வாங்கி, நன்றாகக் கழுவி, நிரப்பும் நீரை அதில் வையுங்கள். வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் அறைச் சூட்டைவிடப் பல டிகிரி குளிர்ந்து நிற்கும். தினசரி நிரப்பும் ஒன்றரை லிட்டரே கொஞ்சம் குளிர்ச்சியும் கொடுத்துவிடும். மொத்தமாகக் கவிழ்க்காமல் டம்ளர் டம்ளராக விடுங்கள். ஒரு தடவையில் தொட்டியின் கால்பங்குக்கு மேல் தண்ணீர் மாற்றவும் வேண்டாம்.

ஐஸ் பாட்டில்

இது அவசரத்துக்கு மட்டும். ஐஸ் கட்டியை நேராகப் போடுவது என் மூன்று மீனோடு முடிந்த பழக்கம். அரை லிட்டர் பாட்டிலின் லேபிளையும் பசையையும் சுரண்டிக் கழுவி, முக்கால் அளவு நீர் நிரப்பி உறையவையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். முக்காலே நிறைந்த ஒரு பாட்டில் இரண்டடித் தொட்டியை ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் இறக்கும். ஓரடித் தொட்டியில் அதே பாட்டில் மூன்று டிகிரிக்கும் மேல் இழுத்துவிடும். ஆகவே தொட்டியைப் பார்த்துப் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி, ஒரு நாளில் மொத்தமாக இரண்டு, மூன்று டிகிரி, அதற்குமேல் இறக்காதீர்கள். பகல் 32, ராத்திரி 26 என்று ஆட்டுவதைவிட, நிலையான 30 பெரும்பாலான மீன்களுக்கு நல்லது.

கூலர், ஏ.சி., கொசு

கூலர் ஓடும் அறையில் தொட்டி இருந்தால் மே மாதத்தில் பாதி வேலை முடிந்தது. அறையே குளிர்ந்துவிடும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அறை புழுங்கிப்போய் ஃபேன் தோற்றுவிடும். ஆனால் கூலர் தொட்டித் தண்ணீரை எடுத்து மீன் தொட்டியில் ஊற்றாதீர்கள். கொசுப்புழுவுக்கு மருந்து போட்டிருக்கலாம், பழைய உப்பும் சேர்ந்திருக்கும்.

ஏ.சி. இருந்தால் 26, 27-இல் வைத்துக் காற்று தொட்டிமேல் நேராக விழாதபடி திருப்புங்கள். இரவு முழுக்க ஓடிப் பகலில் அணைந்திருந்தாலும் பரவாயில்லை, 55 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். மீனுக்காகப் பகலெல்லாம் ஏ.சி. ஓடவிட என் சம்பளம் இடம் தரவில்லை. தண்ணீரைக் குளிரவைக்கச் சில்லர் என்று ஒரு கருவி விற்கிறார்கள், நன்றாக வேலை செய்யும். விலையோ தொட்டி, ஸ்டாண்டு, மீன் எல்லாம் சேர்ந்ததைவிடப் பல மடங்கு. எடுக்கும் சூட்டை அதே அறைக்குள் விடவும் செய்யும். புதியவர்களுக்கு வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்று: கொசுவிரட்டி. பிளக்கில் செருகும் திரவத்திலும் ஸ்பிரேயிலும் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து, நம்மைவிட மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது, மூடியையும் கழற்றிவிட்டோம். தொட்டி இருக்கும் அறையில் அதைப் போடாதீர்கள். வீட்டில் பூச்சி மருந்து அடிப்பதாக இருந்தால் பம்பை வேறு அறையில் வைத்து நீளக் குழாயில் காற்று கொண்டுவாருங்கள், தொட்டியை அந்த நேரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள்.

மழை வந்த பிறகு

ஜூன் கடைசி வாரத்தில் பருவமழை எட்டிப் பார்க்கும். ஊரே அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் தொட்டி திணற ஆரம்பிக்கும். மே மாதத்தில் 28-இல் நின்ற என் தொட்டி ஜூலையில் 32-க்குப் போயிற்று, ஃபேன் அதேதான். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இந்த இரண்டு மாதமும் குளிரவைக்கும் முயற்சியைக் குறைத்து, மூச்சுவிட வைக்கும் முயற்சியைக் கூட்டுங்கள். இரண்டாவது ஏர் ஸ்டோன் போடுங்கள். தீனியைக் காலையில் ஒருவேளையாக்கி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். புது மீன் வாங்காதீர்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றியது வாரம் இருமுறையாகட்டும், சின்ன அளவில். பயன்படாத நாளிலும் ஐஸ் பாட்டில் இரண்டு ஃப்ரீசரில் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் ஏர் பம்ப் ஒன்றை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள், பேட்டரி அதை உணரவே உணராது. இன்வர்ட்டர் இல்லாதவர்களுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கிடைக்கிறது. அதுவும் இல்லையா? ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு அரையடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது சொம்பு. கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

ஊருக்குப் போகும்போது

டெல்லித் தமிழருக்கே உரிய சிக்கல் இது. பள்ளி லீவு விட்டதும், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறோம். மூன்று வாரம் வீடு பூட்டியிருக்கும், ஜன்னல் மூடியிருக்கும், கூலர் கிடையாது. ஃபேனை ஓடவிட்டுப் போனால் இருபது நாளில் முப்பது லிட்டர் ஆவியாகி, பாதித் தொட்டிதான் மிஞ்சும். ஃபில்டர் வறண்டு ஓடும். ஓடவிடாமல் போனால் சூடு.

எனவே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி கொடுத்துத்தான் ஆக வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவரைக் கூப்பிட்டு ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள்: இதற்குக் கீழே இறங்கினால் இந்தக் கேனிலிருந்து இதுவரை ஊற்றுங்கள். ஆர்.ஓ. நீரைக் கேன்களில் நிரப்பித் தொட்டி பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும். தீனி டப்பாவைப் பூட்டி வையுங்கள். வரும் நாளுக்கு ஒரு பொட்டலமாகத் தாளில் மடித்துத் தேதி எழுதி வையுங்கள். வளர்ந்த மீன் இடையில் ஒருநாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி தங்கமானவர், ஆனால் முதல் வருஷம் பொட்டலம் போதாதென்று தினமும் ரொட்டித் துண்டையும் பிய்த்துப் போட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் கடைசிப் பொட்டலத்தில் அவருக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகும் வைத்துவிட்டு, ரொட்டி வேண்டாம் என்று இந்தியில் பெரிதாக எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போகிறோம்.